டெலவேர் பிரைமரி: மனதுக்குப் பிடித்தவருக்கா, ஜெயிப்பவருக்கா?

வில்மிங்டன்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். குடியுரிமை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. குடியரசுக் கட்சி வாக்காளராகப் பதிந்திருக்கிறேன். வருகிற செப்டம்பரில்தான் முதன்முதலாக பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், ஓட்டுப் போடப் போகிறேன். மனைவி எந்தக் கட்சியிலும் பதியவில்லை. டெலவேரில் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் பிரைமரி என்பதால் அவளுக்கு இந்தத் தலைவலி இல்லை.

எங்கள் தொகுதியில் மாநில சட்டமன்றத்துக்கு இரண்டு பேர் மோதுகிறார்கள். பெயர் வேண்டாம். முதலாமவர் வரி, பள்ளி, துப்பாக்கி, கருக்கலைப்பு என்று எதை எடுத்தாலும் நான் நினைப்பதையே பேசுகிறார். ஆனால் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பத்தாவது நிமிடத்தில் 2020 தேர்தலைத் திருடிவிட்டார்கள் என்று ஆரம்பித்துவிடுவார். இரண்டாமவர் உள்ளூர் கவுன்சிலில் இருந்தபோது ஒருமுறை வரி உயர்வுக்குக் கை தூக்கியவர். கருக்கலைப்பைப் பற்றிக் கேட்டால் மழுப்புவார். ஆனால் எங்கள் தெருவில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள்கூட அவருக்குப் போடுவார்கள்.

கட்சியின் பழைய ஆட்களிடம் கேட்டால், "டெலவேரில் உட்கார்ந்துகொண்டா இதைக் கேட்கிறாய்? 2010 தெரியாதா?" என்கிறார்கள். 2010இல் நான் விசாவில் இருந்தேன், அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. என்னதான் நடந்தது? எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது?

கணக்குப்பிள்ளை:
2010 கதையை நான் சொல்கிறேன். பைடன் துணை அதிபரானதால் காலியான செனட் இடம். குடியரசுக் கட்சியில் மைக் காஸில் நின்றார். இரண்டு முறை ஆளுநர், 1993 முதல் பிரதிநிதிகள் சபையில் டெலவேரின் ஒரே உறுப்பினர். அவர் நின்றால் இடம் கையில் என்று இரண்டு கட்சியும் நினைத்தன. ஜனநாயகக் கட்சியில் பெரிய தலைகள் ஒதுங்கிக்கொள்ள, நியூ காஸில் கவுன்ட்டி நிர்வாகியாக இருந்த கிறிஸ் கூன்ஸ் வந்தார்.

காஸில் மேல் கன்சர்வேட்டிவ்களுக்குக் கோபம் இருந்தது, அது நியாயமான கோபமும்கூட. கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர். 2009இல் கரியமில வாயுவுக்கு உச்சவரம்பு போட்ட மசோதாவுக்கு ஓட்டுப் போட்ட எட்டு குடியரசுக் கட்சியினரில் ஒருவர். அந்தக் கோபத்தில் டீ பார்ட்டி என்ற வலதுசாரி இயக்கத்தின் ஆட்களும், 2008இல் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினும் கிறிஸ்டின் ஓ'டானலின் பின்னால் நின்றார்கள். 2008இல் பைடனிடம் தோற்ற அதே ஓ'டானல். மாநிலக் கட்சித் தலைவரே, இவரால் நாய் பிடிக்கும் பதவிக்குக்கூட ஜெயிக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

செப்டம்பர் 14. ஓ'டானலுக்கு 30 ஆயிரத்துச் சொச்சம், காஸிலுக்கு 27 ஆயிரம். அவ்வளவுதான் மொத்தமே. கென்ட், சசெக்ஸ் கவுன்ட்டிகள் ஓ'டானல் பக்கம், நியூ காஸில் கவுன்ட்டி மைக் காஸில் பக்கம். அப்புறம் இளவயதில் சூனியத்தில் கொஞ்சம் கைவைத்தேன் என்று அவர் டிவியில் பேசிய பழைய துணுக்கு வெளியே வந்தது. "நான் சூனியக்காரி அல்ல" என்று விளம்பரம் எடுத்தார். ஒரு வேட்பாளர் தன் விளம்பரத்தின் முதல் வரியாக அதைச் சொல்ல வேண்டி வந்தால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? நவம்பரில் சுமார் 17 சதவீத வித்தியாசத்தில் தோல்வி. காஸில் விட்டுவந்த பிரதிநிதிகள் சபை இடமும் ஜனநாயகக் கட்சிக்குப் போனது. நாடு முழுக்க கட்சி 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்த வருடத்தில், நம் மாநிலத்தில் இருந்ததும் போச்சு.

டெக்சாஸ் தம்பி:
ஆரம்பித்துவிட்டார்கள். இந்த ஒரு கதையை வைத்துப் பதினைந்து வருடமாக எங்களைப் பயமுறுத்துகிறீர்கள்.

ஜெயிக்கக்கூடியவர் என்று கட்சி தூக்கிக் கொடுத்தவர்களின் பட்டியலைப் பாருங்கள். 1996 பாப் டோல், தோல்வி. 2008 மெக்கெய்ன், தோல்வி. 2012 ராம்னி, தோல்வி. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை (ஒபாமாகேர்) எதிர்த்துக் களமிறங்க வேண்டிய தேர்தலில், 2006இல் மாசசூசெட்ஸில் கிட்டத்தட்ட அதே மாதிரிச் சட்டம் கொண்டுவந்தவரையே நிறுத்தினோம். ஜெயிக்கவே மாட்டார் என்று சொல்லப்பட்டவர்கள் யார்? 1980இல் ரீகன், 2016இல் டிரம்ப். 2010இல் புளோரிடாவில் செனட் தேர்தலைக் கவனிக்கும் கட்சிக் குழு சார்லி கிறிஸ்ட்டைத்தான் முதலில் தூக்கிப் பிடித்தது. மார்கோ ரூபியோ பிரைமரியில் முந்துகிறார் என்றதும் கிறிஸ்ட் சுயேச்சையாகி, பிறகு ஜனநாயகக் கட்சிக்கே போய்விட்டார். ரூபியோ ஜெயித்தார்.

யார் ஜெயிப்பார் என்பது ஜோசியம். ஒருவர் இதுவரை எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பதிவில் இருக்கிறது. ஜோசியத்துக்காகப் பதிவை விடச் சொல்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
தம்பி, நம் கட்சி அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டரை விட்டுவிட்டீர்களே. 1964இல் ஆறு மாநிலம், 52 தேர்வாளர் ஓட்டு. ஜான்சனுக்கு 486.

டெக்சாஸ் தம்பி:
அந்தத் தோல்விப் பிரச்சாரத்தில்தான் ரீகன் டிவியில் பேசினார். இரண்டே வருடத்தில் கலிபோர்னியா ஆளுநர். விதை போட்ட வருடத்தில் அறுவடை கேட்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அறுவடைக்குப் பதினாறு வருடம். நடுவில் ஜான்சன் கொண்டுவந்த மெடிக்கேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு இன்றுவரை நிற்கிறது, ரீகனாலும் அதைத் தொட முடியவில்லை. அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிட்ஸ்பர்க் பாட்டையா:
எழுபது வயதாகிறது, கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டெலவேரையே பேசுகிறவர்கள் பக்கத்து மாநிலமான எங்கள் பென்சில்வேனியாவை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாடம் இங்கேதான்.

2004 பிரைமரி. செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர், மிதவாதி. 1987இல் ரீகன் நியமித்த நீதிபதி ராபர்ட் போர்க்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போகவிடாமல் எதிர்த்து ஓட்டுப் போட்டவர். அவரை எதிர்த்து பாட் டூமி நின்றார். வரி குறைப்பு, செலவு குறைப்பு, அதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அதிபர் புஷ் ஸ்பெக்டர் பக்கம். எங்கள் இன்னொரு செனட்டர் ரிக் சான்டோரம், அப்பழுக்கில்லாத கன்சர்வேட்டிவ், அவரும் ஸ்பெக்டர் பக்கம். காரணம் ஒன்றுதான்: ஸ்பெக்டர் ஜெயிப்பார், டூமி தோற்பார். நானும் அதை நம்பி ஸ்பெக்டருக்குத்தான் போட்டேன். டூமி இரண்டு சதவீதம்கூட இல்லாத வித்தியாசத்தில் தோற்றார்.

2009 ஏப்ரல். மறுபடி டூமி எதிர்க்கப் போகிறார், இந்த முறை பிரைமரியில் தேறமாட்டோம் என்று தெரிந்ததும் ஸ்பெக்டர் ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார். காரணத்தை மறைக்கக்கூட இல்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில் செனட்டில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 60க்கு 39 என்று நிறைவேறியது. பிலிபஸ்டரை, அதாவது சிறுபான்மைக் கட்சி மசோதாவை ஓட்டுக்கு விடாமல் இழுத்தடிப்பதை, உடைக்கச் சரியாக 60 தேவை. அந்த அறுபதில் ஒன்று நான் போட்ட ஓட்டில் ஜெயித்த ஆள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போனதுதான் மிச்சம்.

அந்தப் பழி சான்டோரமை விடவில்லை. 2012 அதிபர் பிரைமரி விவாதத்தில் ராம்னி அவரைப் பார்த்து, நீங்கள் ஸ்பெக்டரை ஆதரித்ததால்தான் ஒபாமாகேர் வந்தது என்றார். மாசசூசெட்ஸ் சட்டத்தைப் போட்ட ராம்னி! கேட்கிறவன் கேனையனாக இருந்தால்...

கணக்குப்பிள்ளை:
பாட்டையா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். 2004இல் டூமி பிரைமரியில் ஜெயித்து நவம்பரில் தோற்றிருந்தால், வந்திருக்கக்கூடியவர் ஜனநாயகக் கட்சியின் ஜோ ஹோஃபெல். அவரும் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகத்தான் போட்டிருப்பார். 60 அப்போதும் 60தான். அதோடு 2005, 2006இல் நீதித்துறைக் குழுவின் தலைவராக உட்கார்ந்து ராபர்ட்ஸையும் அலிட்டோவையும் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தது யார்? இதே ஸ்பெக்டர். உங்கள் ஓட்டுக்கு இரண்டு நீதிபதிகள் வட்டி வந்திருக்கிறது.

பிட்ஸ்பர்க் பாட்டையா:
ராபர்ட்ஸ் 2012இல் அதே மருத்துவச் சட்டத்தைக் காப்பாற்றினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளும் ஐயா. ஒரு பக்கம் வட்டி, இன்னொரு பக்கம் அசலே போச்சு. ஆனால் நீர் சொல்வது தப்பில்லை. டூமி 2004இல் ஜெயித்திருப்பாரா? தெரியாது. 2010இல் ஜெயித்தார், 51க்கு 49. அதுவும் காற்று பலமாக நம் பக்கம் அடித்த வருடம்.

எட்டிப்பார்ப்பவன்:
நான் எதிர்க்கட்சி. உங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை எங்களிடமே விட்டுவிடுங்களேன். 2012 மிசௌரியில் எங்கள் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் அதைத்தான் செய்தார். உங்கள் பிரைமரியில் நின்ற டாட் ஏகின் "அளவுக்கு மீறிய கன்சர்வேட்டிவ்" என்று திட்டுவதுபோல விளம்பரம் போட்டு, உங்கள் ஆட்களையே அவருக்கு ஓட்டுப் போட வைத்தார். ஏகின் 36 சதவீதம் வாங்கி வந்தார். அப்புறம் கற்பழிப்பைப் பற்றி அவர் சொன்ன ஒரு வாக்கியத்தில் கதை முடிந்தது.

மட்டுறுத்துநர்:
எட்டிப்பார்க்கலாம், ஏளனம் வேண்டாம். தகவல் சரிதான் என்பதால் விட்டுவைக்கிறேன்.

வில்மிங்டன்வாசி:
இதுவரை வந்ததைப் படித்தால் எனக்குக் குழப்பம் கூடியிருக்கிறது, குறையவில்லை. இரண்டு பக்கமும் கதை இருக்கிறது. கணக்குப்பிள்ளை சார், ஒரு கேள்வி. 2010இல் காஸில் ஜெயித்தே இருந்தாலும் செனட் நம் கைக்கு வந்திருக்குமா?

கணக்குப்பிள்ளை:
வந்திருக்காது. நேர்மையாகச் சொல்கிறேன். 2010 முடிவில் ஜனநாயகக் கட்சி அணிக்கு 53. டெலவேர், செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீடிடம் ஷாரன் ஆங்கிள் தோற்ற நெவாடா, மைக்கேல் பென்னட்டிடம் கென் பக் தோற்ற கொலராடோ, மூன்றையும் பிடித்திருந்தாலும் 50க்கு 50. சமனானால் துணை அதிபர் பைடன் ஓட்டுப் போடுவார். தம்பியின் ஆட்கள் எப்போதும் இதைச் சொல்லித்தான் தப்பிப்பார்கள்.

ஆனால் செனட் இடம் ஒரு வருடச் சரக்கு இல்லை, ஆறு வருடம் உட்காரும். 2012இல் இன்னும் இரண்டு இடம் போனது. மிசௌரி ஒன்று. இன்னொன்று இண்டியானா: ஆறு முறை செனட்டராக இருந்த ரிச்சர்ட் லூகரை பிரைமரியில் வீழ்த்திய மர்டாக், ஜோ டொனலியிடம் தோற்றார். இப்போது 2013 நவம்பருக்கு வாருங்கள். கீழ் நீதிமன்ற நீதிபதி நியமனங்களுக்கு பிலிபஸ்டர் கிடையாது என்று ரீட் விதியை மாற்றினார். ஓட்டு 52க்கு 48. அந்த 52இல் கூன்ஸ், ரீட், பென்னட், டொனலி, மெக்காஸ்கில் ஐந்து பேரும் இருந்தார்கள். ஐந்தைக் கழித்தால் 47, விதி மாறியிருக்காது. மாறியதால் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒபாமாவின் மூன்று பேர் போய் அமர்ந்தார்கள். அரசு அமைப்புகள் போடும் விதிகள் மேலான வழக்குகளில் பெரும்பங்கு போகிற நீதிமன்றம் அது. காஸில் கரியமில வாயு மசோதாவுக்கு ஓட்டுப் போட்டார் என்று கோபப்பட்டவர்களுக்கு, அதே விஷயம் நீதிமன்றம் வழியாக வந்தது தெரியவே இல்லை.

நெவாடாவை மட்டும் கொஞ்சம் தள்ளுபடி செய்யலாம். அங்கே ஆங்கிளுக்கு மாற்றாக இருந்த சூ லோடன், அந்தக் காலத்தில் டாக்டருக்குக் கோழி கொடுத்து வைத்தியம் பார்த்தார்கள் என்று பேசி, தன் பிரச்சாரத்துக்குத் தானே குழி பறித்தவர். பாதுகாப்பான வேட்பாளர் என்ற பட்டம் இருந்தால் மட்டும் வாய் அடங்கிவிடாது.

டெக்சாஸ் தம்பி:
நல்ல கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதையை அங்கேயே நிறுத்தாதீர்கள். ரீட் 2013இல் அந்தக் கதவைத் திறந்துவிட்டதைச் சொல்லித்தான் 2017 ஏப்ரலில் செனட்டில் நம் கட்சித் தலைவராக இருந்த மெக்கானல் உச்ச நீதிமன்றத்துக்கும் பிலிபஸ்டரை எடுத்தார். கோர்சச் 54க்கு 45 என்று உள்ளே போனார். அப்புறம் கவனா, பேரட். 2022இல் கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ தீர்ப்பு போனது.

இன்னொரு கணக்கு. 2017 ஜூலையில் ஒபாமாகேரின் முக்கியப் பகுதிகளை நீக்கும் மசோதா செனட்டில் 49க்கு 51 என்று விழுந்தது. நம் கட்சியிலேயே எதிர்த்தவர்கள் மூன்று பேர்: மெக்கெய்ன், காலின்ஸ், மர்கௌஸ்கி. மூன்றில் ஒன்று மாறியிருந்தால் 50க்கு 50, துணை அதிபர் பென்ஸ் ஓட்டில் நிறைவேறியிருக்கும். 2010 அலாஸ்கா பிரைமரியில் கட்சி வாக்காளர்கள் மர்கௌஸ்கியைத் தோற்கடித்து ஜோ மில்லரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மர்கௌஸ்கி சும்மா போகவில்லை. ஓட்டுச்சீட்டில் தன் பெயரை மக்களே எழுதிப் போடும்படி கேட்டு நவம்பரில் ஜெயித்தார். வாக்காளர்கள் கேட்ட ஆள் அங்கே இருந்திருந்தால் மசோதா செனட்டில் தேறியிருக்கும். மிதவாதி என்பவர் சாதாரண நாளில் உங்களோடு ஓட்டுப் போடுவார். எந்த நாளில் உண்மையாகவே தேவையோ அந்த நாளில் இருக்கமாட்டார்.

கணக்குப்பிள்ளை:
காலின்ஸைத் திட்டுவதற்கு முன்னால் மெய்ன் மாநிலத்தில் அவருக்குப் பதில் யார் வருவார் என்று சொல்லுங்கள். 2018இல் கவனா நியமனம் 50க்கு 48. அதில் காலின்ஸின் ஓட்டு உண்டு.

டெக்சாஸ் தம்பி:
மெய்னில் சரி. அலாஸ்காவில் ஏன்?

அட்லாண்டா அக்கா:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைப் பேசாமலே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்: கொள்கை உறுதி ஒரு முனை, வெற்றி வாய்ப்பு மறு முனை, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று. தராசா அது?

எங்கள் ஜார்ஜியாவைப் பாருங்கள். 2022 நவம்பர். ஒரே நாள், ஒரே ஓட்டுச்சீட்டு, ஒரே கட்சி. ஆளுநருக்கு பிரையன் கெம்ப் சுமார் 21 லட்சம் ஓட்டு வாங்கி ஜெயித்தார். செனட்டுக்கு ஹெர்ஷல் வாக்கருக்கு 19 லட்சத்துச் சொச்சம்; டிசம்பர் மறுசுற்றில் தோற்றார். இரண்டு லட்சம் பேர் கெம்ப்புக்குப் போட்டுவிட்டு வாக்கரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அந்த இரண்டு லட்சத்தில் என் வீட்டில் இரண்டு.

கெம்ப் மிதவாதியா? 2019இல் கருவின் இதயத் துடிப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். 2022 தேர்தல் வருடத்திலேயே, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டவர். கொள்கையில் தம்பிக்கே திருப்தியான ஆள். அவரைக் கட்சிக்குள் துரோகி என்றது ஒரே காரணத்துக்கு: 2020 முடிவை மாற்ற மறுத்தார். அதற்காக டேவிட் பெர்டியூவை எதிரே நிறுத்தினார்கள், கெம்ப் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கி அவரை அனுப்பினார். அந்த பிரைமரியில் நானும் ஓட்டுப் போட்டேன். இங்கே கட்சிப் பதிவு கிடையாது, எந்தச் சீட்டு வேண்டும் என்று அன்றைக்குக் கேட்டு வாங்கலாம்.

வில்மிங்டன் தம்பி, உங்கள் முதலாமவரிடம் உங்களை உறுத்துவது அவர் கொள்கையா? வரி, பள்ளி எல்லாம் உங்களுக்கும் உடன்பாடுதானே? உங்கள் தெருக்காரர்கள் ஓடுவது அந்தப் பத்தாவது நிமிடப் பேச்சுக்கு. அதைக் கொள்கை என்ற கணக்கில் ஏன் எழுதுகிறீர்கள்?

டெக்சாஸ் தம்பி:
அக்கா, தேர்தல் நேர்மை எனக்குக் கொள்கைதான். அதை வாய்க்கோளாறு மாதிரி ஒதுக்கிவிடாதீர்கள்.

அட்லாண்டா அக்கா:
தேர்தல் நேர்மை கொள்கைதான். தபால் ஓட்டுக்கு அடையாள எண் கேட்கும் சட்டத்தை 2021இல் கெம்ப்தான் போட்டார். அதற்காக பேஸ்பால் ஆல் ஸ்டார் ஆட்டத்தை அட்லாண்டாவிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள்; அவர் மாற்றவில்லை. சட்டம் போடுவதும் புலம்புவதும் ஒன்றா?

பிட்ஸ்பர்க் பாட்டையா:
அம்மணி சொன்னது எனக்கு உறைக்கிறது. டூமியும் அப்படித்தான். கொள்கையில் இம்மியும் விடமாட்டார், ஆனால் கோட்டுப் போட்ட பேங்க் மேனேஜர் மாதிரி பேசுவார். 2016இல் மறுபடி ஜெயித்தார். 2004இல் நாங்கள் பயந்தது அவர் கொள்கைக்கு.

கன்சர்வேட்டிவ் எழுத்தாளர் வில்லியம் பக்லி 1967இல் சொன்ன ஒரு விதி உண்டு, இந்தப் பேச்சு வந்தால் யாராவது இழுத்துவருவார்கள், நானே இழுக்கிறேன்: ஜெயிக்கக்கூடியவர்களில் யார் அதிகம் வலப்பக்கமோ அவரை ஆதரி. ரொம்பத் தெளிவாகத்தான் இருக்கும், "ஜெயிக்கக்கூடியவர்" என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்கும்வரை. அதைச் சொன்ன பக்லியே இரண்டு வருடம் முன்னால் நியூயார்க் மேயருக்கு நின்று 13 சதவீதம் வாங்கியவர். ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று நிருபர் கேட்டதற்கு, ஓட்டை மறுபடி எண்ணச் சொல்வேன் என்றாராம். அவர் அண்ணன் ஜேம்ஸ் பக்லி 1970இல் அதே நியூயார்க்கில், குடியரசுக் கட்சி செனட்டரையே எதிர்த்து, கன்சர்வேட்டிவ் கட்சி என்ற சின்னக் கட்சியில் நின்று மும்முனைப் போட்டியில் செனட்டரானார். அந்த வீட்டிலேயே விதி செல்லுபடியாகவில்லை.

டெக்சாஸ் தம்பி:
பாட்டையா, இது எனக்குச் சாதகமா பாதகமா?

பிட்ஸ்பர்க் பாட்டையா:
எனக்கும் தெரியாது தம்பி. கதை நன்றாக இருந்தது, சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டெக்சாஸ் தம்பி 2012 செனட் பிரைமரியில் டூஹர்ஸ்ட்டை விட்டு டெட் குரூஸுக்கு ஓட்டுப் போட்டிருந்தால் அதில் ஆபத்தே இல்லை, இருவரில் யார் வந்தாலும் நவம்பரில் டெக்சாஸ் நம்முடையது. அங்கே கொள்கைக்கு விலை கிடையாது, தாராளமாக வாங்கலாம். டெலவேரில் 2000இல் நம் செனட்டர் பில் ராத் தோற்றபிறகு நாம் ஒரு செனட் தேர்தலில்கூட ஜெயித்ததில்லை. அதே சரக்கு, விலை வேறு. வில்மிங்டன்வாசி, உங்கள் தொகுதியில் கடைசி மூன்று தேர்தல்களின் வித்தியாசம் எவ்வளவு? மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தில் பூத் வாரியாகக் கிடைக்கும்.

வில்மிங்டன்வாசி:
நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன் சார். இரண்டு முறை தோல்வி, ஒருமுறை ஜெயித்தது. மூன்றும் ஆயிரம் ஓட்டுக்குள். விலை அதிகம்தான்.

ஆனால் அக்கா கேட்ட கேள்விதான் தூங்கவிடவில்லை. முதலாமவரின் பேச்சில் எனக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று ஒரு தாளில் பிரித்து எழுதினேன். பிடிக்காத பக்கத்தில் ஒரு சட்டம்கூட இல்லை. எல்லாம் பேச்சு. இரண்டாமவரின் பக்கத்தில் பிடிக்காதது இரண்டுதான், ஆனால் இரண்டும் சட்டமன்றத்தில் ஓட்டாக மாறக்கூடியவை. பாட்டையாவின் காபி ஞாபகம் வருகிறது.

வரும் சனிக்கிழமை கட்சிக்காரர் ஒருவர் வீட்டில் இருவரும் வருகிறார்கள். இரண்டாமவரிடம் அந்த வரி உயர்வைப் பற்றி நேராகக் கேட்கப் போகிறேன். மறுபடி வந்தால் என்ன செய்வார் என்று. முதலாமவரிடம் என்ன கேட்பது?

அட்லாண்டா அக்கா:
பத்து நிமிடம் ஆனதும் கடிகாரத்தைப் பாருங்கள்.

டெக்சாஸ் தம்பி:
அக்கா!

சரி, நான் ஒரு கேள்வி தருகிறேன். "செப்டம்பரில் நீங்கள் தோற்றால் நவம்பரில் இரண்டாமவருக்கு வேலை செய்வீர்களா?" இதே கேள்வியை அவரிடமும் கேளுங்கள். யார் தயங்குகிறார் என்று வந்து எழுதுங்கள்.

வில்மிங்டன்வாசி:
இது நல்ல கேள்வி. ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். மனைவியும் வருகிறேன் என்கிறாள். ஓட்டு இல்லாவிட்டாலும் சமோசா உண்டாம்.